கடையில் வாங்கினால்தான் பத்திரமா?

கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில், உபெஹெபே எரிமலைப் பள்ளத்திலிருந்து ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரிப் படுகைக்கு ஒரு மண் பாதை போகிறது. நீளம் சுமார் 43 கிலோமீட்டர். வழிநெடுக அலை அலையாக இறுகிய மண்ணும், டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கிற கூர்ங்கற்களும்தான். முழு அளவு ஸ்டெப்னியோடு வாருங்கள் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. செல்பேசி அங்கே எடுக்காது. பஞ்சர் ஒட்டும் பசையோ ஒல்லியான அவசரகால டயரோ அந்தப் பாதையில் உதவாது. பக்கச் சுவர் கிழிந்தால் மாற்று டயர் ஒன்றுதான் வழி.

இப்படிப்பட்ட பாதைகளுக்காகப் பெரிய டயர் மாட்டியவர்கள், அதே அளவிலான ஐந்தாவது டயரை எங்கே வைப்பது என்று ஒருநாள் யோசித்தே ஆக வேண்டும். அமெரிக்க ஆஃப்-ரோடு வட்டாரத்தில் அதற்கு ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: பேர் பெற்ற கம்பெனியின் டயர் தாங்கியை வாங்கிப் பொருத்து, இது வீட்டில் செய்து பார்க்கிற சாமான் இல்லை, நெடுஞ்சாலையில் முப்பது கிலோ சக்கரம் கழன்று பின்னால் வருகிறவரின் கண்ணாடியில் விழுந்தால் யார் பதில் சொல்வது? கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. சொல்கிறவர்களின் அக்கறையும் உண்மையானது. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை இந்தப் பேச்சு தவறாகக் காட்டுகிறது. டயர் தாங்கிகள் எந்த இடத்தில், எதனால் உடைகின்றன என்று இறங்கிப் பார்த்தால், செய்தது கம்பெனியா வீட்டுக்காரரா என்ற கேள்வி வெகுதூரம் பின்னால் போய்விடும்.

ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பேசுவதே நல்லது. ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே, 1984 மாடலாக அறிமுகமாகி அமெரிக்காவில் 2001 வரை விற்பனையான பெட்டி வடிவ வண்டி. விலை மலிவு, எஞ்சின் உழைப்பு, உதிரிபாகம் கிடைக்கும் வசதி எல்லாம் சேர்ந்து இன்றைக்கும் அங்கே கைவேலைக்காரர்களின் செல்லப் பிள்ளை அதுதான். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 225/75 ஆர்15 போன்ற டயர்கள். விட்டம் சுமார் 72 சென்டிமீட்டர். ஸ்டெப்னி வண்டிக்குள்ளேயே, சாமான் வைக்கும் இடத்தின் இடது சுவரோரம் நிமிர்ந்து நிற்கும். அதே இடத்தில் 79 சென்டிமீட்டர் விட்டமும் 27 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட 31 அங்குல டயரைத் திணித்தால், கூடாரத்துக்கும் தண்ணீர்க் கேனுக்கும் இடம் இருக்காது. 33 அங்குலம் என்றால் பேச்சே இல்லை.

பின்கதவில் மாட்டலாமே என்றால், எக்ஸ்ஜேயின் பின்கதவு மேல்நோக்கித் திறப்பது. போதாக்குறைக்கு, 1996 மாடல் வரை அது ஃபைபர் கதவு. இரும்புக் கதவு வந்தது 1997-இல்தான். கூரைமேல் ஏற்றினால், ரிம்மோடு 32 கிலோ வரும் டயரைத் தலைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும். அதோடு அந்த எடை வண்டியின் ஆகப் பெரிய உயரத்தில் போய் உட்கார்ந்து, பக்கச் சரிவான பாதையில் கவிழ்க்கப் பார்க்கும். மிஞ்சுவது ஒன்றுதான்: பின் பம்பரின் ஒரு மூலையில் கீல், மறு மூலையில் கொக்கி, நடுவில் டயரைச் சுமந்து பக்கவாட்டில் திறக்கிற ஒரு கை. புதுமையான யோசனையும் அல்ல. டொயோட்டாவின் பழைய லேண்ட் குரூஸர் எஃப்ஜே40 வண்டிகளில் தொழிற்சாலையே இப்படிப்பட்ட திறந்து மூடும் தாங்கியைக் கொடுத்தது.

இனி முதல் வாதம். கம்பெனியில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அது.

இந்த வாதத்தை வைப்பவர்கள் அந்தக் கம்பெனிகள் எங்கிருந்து வந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆஃப்-ரோடு சாமான்களில் உலகம் முழுக்கப் பெயர் சொல்லும் ஏ.ஆர்.பி. நிறுவனத்தை 1975-இல் மெல்பர்னில் தொடங்கியவர் ஆந்தனி ரொனால்டு பிரவுன். அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான் கம்பெனியின் பெயர். ஆஸ்திரேலியாவின் வடகோடிக்குப் போன பயணத்தில், கடையில் விற்ற கூரைத் தாங்கிகளும் பம்பர்களும் உடைவதைப் பார்த்துவிட்டு, பெற்றோர் வீட்டுக் கராஜில் தானே செய்யத் தொடங்கியவர் அவர். கடையில் வாங்கு என்ற அறிவுரையை அன்றைக்கு அவர் கேட்டிருந்தால், இன்றைக்கு வாங்கச் சொல்லிக் காட்டப்படுகிற கடைகளில் ஒன்று குறைந்திருக்கும். இந்தத் தொழிலின் கணிசமான பகுதி கராஜ்களில் பிறந்தது. அங்கே செய்த பொருளுக்குப் பிறகு வந்த கம்பெனிப் பெயர் புதிதாக வலிமை எதையும் சேர்த்துவிடவில்லை.

பொறியியல் கணக்குக்கு வருவோம். 31 அங்குல டயரும் இரும்பு ரிம்மும் சேர்ந்து சுமார் 32 கிலோ. கை, டயர் மாட்டும் தகடு, கொக்கி எல்லாம் ஒரு 10 கிலோ. மொத்தம் 42. இந்த எடையின் மையம் கீலிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், கீல் ஓரத்தில் கையை வளைக்கப் பார்க்கும் திருப்புத்திறன் சுமார் 247 நியூட்டன் மீட்டர். இரண்டு அங்குலச் சதுரக் குழாய், சுவர் கனம் 3/16 அங்குலம் என்றால், அந்த இடத்தில் இரும்பில் ஏறும் தகைவு 20 மெகாபாஸ்கல் வரும். அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ500 கிரேடு பி சதுரக் குழாய் வளையத் தொடங்கும் எல்லை 317. வண்டி குழியில் விழுந்து எடை நான்கு மடங்கானாலும் 80-தான், எல்லையில் கால்வாசி. சுவரை 1/8 அங்குலமாக மெலிதாக்கினால்கூட நான்கு மடங்கு அதிர்ச்சியில் 109, அதாவது எல்லையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. அதுவும் கை திறந்து, கொக்கியின் தாங்கல் இல்லாமல் தொங்கும் நிலைக்கான கணக்கு இது. ஓடும்போது கை மூடியிருக்கும். மறுமுனையும் பம்பரில் உட்கார்ந்திருக்கும். கீலின் பங்கு இன்னும் குறையும்.

பள்ளி இறுதி இயற்பியல் படித்த யாரும் ஒரு மாலைப்பொழுதில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. இரும்புக் கடைக்காரரின் அட்டவணையில் குழாயின் எடையும் வலுவும் அச்சிட்டே இருக்கின்றன. இங்கே வலுக்குறைவு என்பது பிரச்சினையே இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அது கம்பெனிச் சரக்குக்கும் கைவேலைக்கும் பொதுவானது.

முதல் இடம் கீலின் வேர். இதற்கு வீட்டில் செய்பவர்கள் எடுப்பது பெரும்பாலும் டிரெய்லர் சக்கரத்தின் ஸ்பிண்டிலும் (அச்சுமுனை) அதன்மேல் சுழலும் ஹப்பும்தான். கம்பெனிகளில் பலவும் அதையேதான் பயன்படுத்துகின்றன. 3,500 பவுண்டு அச்சுக்கான ஸ்பிண்டில் ஒவ்வொன்றும் சுமார் 790 கிலோவைத் தாங்கிக்கொண்டு நெடுஞ்சாலை வேகத்தில் ஆண்டுக்கணக்கில் சுழல்வதற்குச் செய்தது. அதில் 42 கிலோக் கையைத் தொங்கவிட்டு, நாளுக்கு நாலு முறை கால்வட்டம் திருப்புவது அதற்கு ஒரு வேலையே அல்ல. வலுவான ஸ்பிண்டிலை எப்படி நட்டார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பம்பர் குழாயின் மேல் சுவரில் மட்டும் நிறுத்தி, சுற்றி ஒரு வளையமாக வெல்டிங் ஓட்டினால், கையின் மொத்த முறுக்கும் அந்த ஒற்றைத் தகட்டில் இறங்கும். தகடு மூச்சு விடுவதுபோல உள்ளும் வெளியும் போய்வந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு ஓடும். அதே ஸ்பிண்டிலை மேல் சுவரிலும் கீழ்ச் சுவரிலும் துளைத்து ஊடுருவ நிறுத்தி, இரண்டு இடத்திலும் வெல்டிங் வைத்தால், முறுக்கு ஒரு ஜோடி எதிரெதிர்த் தள்ளலாகப் பிரிந்து குழாய் முழுவதும் பரவும். கூடுதல் செலவு ஒரு துளை. கூடுதல் நேரம் அரை மணி.

இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஸ்பிண்டிலைத் துளையில் இறக்கி, ரசமட்டத்தை அதன் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து, முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு டேக். அதாவது தற்காலிகமாகப் பிடித்து நிற்க ஒரு பொட்டு வெல்டிங். மறுபடி ரசமட்டம். எதிர்ப்பக்கம் ஒரு டேக். வெல்டிங் சூடு இரும்பைத் தன் பக்கம் இழுக்கும். முதல் டேக் வைத்த பக்கமாக ஸ்பிண்டில் மயிரிழை சாய்ந்திருக்கும். இரண்டாவது டேக் அதைத் திரும்ப இழுக்கும். ஒரு பாகை சாய்ந்து போனால், திறந்த கை தானாக மூடிக்கொள்ளும், இல்லையேல் தானாக விரிந்துகொள்ளும். பேரிங்கை முன்னதாகவே கழற்றி வைத்துவிடுகிறார்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் துண்டிலேயே கடிக்க விடுகிறார்கள், ஏனென்றால் மின்சாரம் பேரிங் வழியாக ஓடினால் உருளைகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். ஸ்பிண்டில் எஃகில் கரிமம் சற்று அதிகம் என்பதால், ஜுவாலை காட்டிச் சூடேற்றிவிட்டு வெல்டிங் வைத்து, மெதுவாக ஆறவிடுகிறார்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஓரம் கண்ணாடிபோல் கடினமாகி விரியும். இவ்வளவு நுணுக்கமும் அவசரமில்லாத ஆளுக்குத்தான் வாய்க்கும். தன் வண்டிக்குத் தானே செய்பவர் அப்படிப்பட்டவர். ஒரு நாளைக்கு இத்தனை என்று எண்ணி முடிக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை.

இரண்டாவது இடம் கொக்கி. தாங்கிகளைக் கொல்வது பாரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் கொல்வது ஆட்டம். அலை மண் பாதையில் ஒரு மணி நேரம் ஓடினால் கை ஆயிரக்கணக்கான முறை அதிரும். கொக்கியில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் ஒவ்வோர் அதிர்வும் ஒரு சுத்தியல் அடி. நிலையான பாரத்தில் கால்வாசி எல்லைக்குள் நிற்கிற குழாய்கூட, அடி மாற்றி அடி விழுந்தால் வெல்டிங் ஓரத்தில் களைத்து விரியும். இரும்பின் தரம் எவ்வளவு உயர்ந்தாலும் வெல்டிங் ஓரத்தின் களைப்பு எல்லை உயர்வதில்லை என்பது கட்டுமானப் பொறியாளர்களின் பாடநூல் செய்தி. ஆகவே ஆட்டத்தைக் கொல்வதுதான் முழு வித்தை.

அதற்கான வழி எளிது. பம்பரின் மறுமூலையில் ஒரு சரிவான இருக்கை. அதன்மேல் கெட்டி நைலான் துண்டு. கையை மூடும்போது அதன் நுனி சரிவில் ஏறி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயர்ந்து உட்கார வேண்டும். அந்த உயர்வு கீலின் பாரத்தைப் பாதி இறக்கிவிடுகிறது. பிறகு இழுத்துப் பூட்டும் டாகிள் கிளாம்ப், நீளம் திருகிச் சரிசெய்யக்கூடியதாக. அது தற்செயலாகத் திறந்துவிடாமல் இருக்க ஒரு குறுக்கு ஊசி. பூட்டியபின் டயரை இரு கையாலும் பிடித்து உலுக்கினால் வண்டி முழுவதும் சேர்ந்து ஆட வேண்டும்; டயர் மட்டும் தனியாக ஆடினால் வேலை முடியவில்லை. நைலான் தேயும். தேய்ந்தால் கொக்கியை அரைச் சுற்று இறுக்க வேண்டும், அல்லது துண்டை மாற்ற வேண்டும். தானே செய்தவருக்கு அது எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பது தெரியும். பெட்டியில் வாங்கியவர் பலருக்கு அது வெறும் வெள்ளைத் துண்டு. கடகடவென்று சத்தம் வரும்வரை அதை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. சத்தம் வரும்போது கீலின் வேரில் வெடிப்பு தொடங்கியிருக்கும்.

திறந்த நிலையிலும் ஒரு பூட்டு வேண்டும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். சரிவில் வண்டி நிற்கும்போது 42 கிலோக் கை தன்போக்கில் ஆடி வந்து, சாமான் எடுக்கக் குனிந்தவரின் முதுகிலோ விரலிலோ மோதும். ஹப்பின் விளிம்பில் ஒரு துளை, அதில் விழும் ஸ்பிரிங் ஊசி போதும். சாமர்த்தியமான கைவேலைகள் சிலவற்றில்கூட இது விட்டுப்போகிறது. எதிர்த்தரப்பு இதைக் குறையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம்.

மூன்றாவது இடம் வண்டியே. எக்ஸ்ஜேக்கு லாரிபோலத் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத் தகட்டோடு சேர்த்து மடித்து வெல்டிங் வைத்த மெல்லிய தகட்டுப் பெட்டிகள்தான் அதன் நீளச் சட்டங்கள். பம்பர் அவற்றின் வால் நுனியில் சில போல்ட்டுகளில் தொங்குகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தாங்கியானாலும், அந்த நுனியில் மட்டும் முடுக்கினால் தகடு கிழியும். கம்பெனிப் பெயர் அந்தக் கிழிசலைத் தடுக்காது. சட்டத்தின் பக்கத்தோடு முன்னோக்கி ஓடும் நீளத் தகடு, இழுவைக் கொக்கிக்கென்று தொழிற்சாலை விட்டிருக்கும் துளைகள் வரை போய், உள்ளே நட்டுப் பட்டையோடு பிணைந்தால்தான் பாரம் பரவும். இதை யோசித்துத் தயாரிக்கும் கம்பெனிகள் உண்டு. நுனிப் போல்ட்டோடு நிறுத்திக்கொள்கிற தயாரிப்புகளும் உண்டு. வாங்குகிறவர் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்து இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டுமென்றால், செய்யத் தேவையான அறிவில் பாதி அவரிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

எடையும் இங்கேதான் கணக்குக்கு வருகிறது. கால் அங்குலக் கனக் குழாயும் தகடும் போட்டு, டயர் இல்லாமலே 50 கிலோவைத் தாண்டுகிற பம்பர்-தாங்கிகள் சந்தையில் இருக்கின்றன. கனம் கண்ணுக்குத் தெரியும், விலைக்கு நியாயம் சொல்லும். ஆனால் டயரோடு சேர்த்து 80 கிலோ, பின் அச்சுக்கு 1.15 மீட்டர் பின்னால் தொங்குகிறது என்று வைத்துக்கொண்டால், எக்ஸ்ஜேயின் 2.58 மீட்டர் அச்சு இடைவெளியில் அது முன் சக்கரங்களிலிருந்து சுமார் 36 கிலோவைத் தூக்கிவிடும். பின் அச்சில் 116 கிலோ ஏறும். எக்ஸ்ஜேயின் கமான் பட்டைகள் வயதில் தொய்வதற்குப் பேர் போனவை. அவற்றின் தலையில் தேவையில்லாத இரும்பை ஏற்றுவது எந்தப் பாதுகாப்பு? இரண்டு அங்குலச் சதுரக் குழாய் மீட்டருக்கு, கால் அங்குலச் சுவரில் சுமார் 8 கிலோ, 3/16-இல் 6.4, 1/8-இல் 4.5. மேலே போட்ட கணக்கைத் தெரிந்தவர் எங்கே மெலிதாக்கலாம், எங்கே முட்டுத் தகடு சேர்க்கலாம் என்று தீர்மானிப்பார். கையின்மேல் டயர் நிற்கும் தூணின் அடியில் முக்கோண முட்டு ஒன்று, கையின் முழுக் கனத்தையும் கூட்டுவதைவிட அதிகம் உழைக்கும்.

தொழிற்சாலைச் சரக்கு என்றாலே எல்லாம் தாங்கும் என்ற நம்பிக்கையும் இந்தப் பேச்சோடு சேர்ந்தே வரும். ஜீப் ராங்ளரில் ஸ்டெப்னி பின்கதவிலேயே தொங்குகிறது. அந்தக் கதவும் கீலும் தொழிற்சாலை கொடுக்கும் டயருக்காகக் கணக்குப் போட்டவை. 2021-இல் ஜீப் நிறுவனம் தானே 35 அங்குல டயரோடு ராங்ளரை விற்கத் தொடங்கியபோது, அந்தத் தொகுப்பில் பின்கதவுக் கீலை வலுவூட்டியே அனுப்பியது. பெரிய டயர் போடுகிறவர்களுக்கென்று அதன் உதிரிபாகப் பிரிவான மோபார் கீல் வலுவூட்டும் பாகத்தைத் தனியாகவும் விற்கிறது. எந்த எடைக்காகச் செய்தது என்பதே கேள்வி என்று உற்பத்தியாளரே இதன்மூலம் ஒப்புக்கொள்கிறார். சாதாரண ராங்ளரின் கதவில் 35 அங்குல டயரை அப்படியே மாட்டிக்கொண்டு, கம்பெனிக் கதவுதானே என்று போகிறவரைவிட, தன் டயரை எடைத்தராசில் வைத்துப் பார்த்துவிட்டுக் குழாய் வாங்கப் போகிறவர் பத்திரமானவர்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் கனமானது விபத்துப் பற்றியது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. எக்ஸ்ஜேயின் பெட்ரோல் தொட்டி பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவில் இருக்கிறது. இதே அமைப்புள்ள ஜீப் வண்டிகளைப் பற்றி அமெரிக்காவில் பெரிய சர்ச்சையே எழுந்தது. 1993 முதல் 2004 வரையிலான கிராண்ட் செரோக்கிகளையும் 2002 முதல் 2007 வரையிலான லிபர்ட்டிகளையும், மொத்தம் 27 லட்சம் வண்டிகள், திரும்ப அழைக்கும்படி நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013 ஜூனில் கேட்டது. பின்னாலிருந்து மோதினால் தொட்டி உடைந்து தீப்பிடிக்கிறது என்பது குற்றச்சாட்டு. கிறைஸ்லர் முதலில் மறுத்தது. பிறகு சுமார் 15.6 லட்சம் வண்டிகளுக்கு ஒப்புக்கொண்டது. என்ன செய்து கொடுத்தார்கள்? டிரெய்லர் இழுக்கும் கொக்கிச் சட்டம் ஒன்றைப் பின்னால் மாட்டிக் கொடுத்தார்கள்.

இதிலிருந்து வீட்டுப் பம்பர் தொட்டியைக் காக்கும் என்று யாராவது முடிவு கட்டினால் அது தவறு. கிடைக்கிற பாடம் வேறு. தொட்டிக்குப் பின்னால் எந்த இரும்பை எந்த வடிவில் வைக்கிறோம் என்பது உயிர் விஷயம். தொட்டியை நோக்கி நீட்டிய போல்ட் முனை, கூரான தகட்டு மூலை, உள்நோக்கிக் குத்தும் முட்டு, இவை எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பிண்டிலின் கீழ் நுனியை வெட்டிச் சமமாக்கி மூட வேண்டும். வெல்டிங் வேலை முழுவதையும் பம்பரைக் கழற்றிப் பட்டறை மேசையில் வைத்தே முடிக்க வேண்டும். வண்டியில் வைத்தே டேக் போட்டு அளவு பிடிக்க வேண்டியிருந்தால் தொட்டியை இறக்கிவிட வேண்டும். இறக்க முடியாது என்றால் வண்டியில் ஒரு டேக்கூட வைக்கக் கூடாது. இதில் சலுகைக்கே இடமில்லை. ஆனால் இந்த எச்சரிக்கைகள் எல்லாம் வடிவத்தையும் வேலை முறையையும் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கிய தாங்கியை ஒரு நீள போல்ட் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டினால் அதுவும் இதே அளவுக்குக் கொடியது.

சட்டம் என்ற சொல்லும் அடிக்கடி வீசப்படுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகளில் விளக்குகளுக்குத் தரம் உண்டு, டயருக்கு உண்டு, சீட் பெல்ட்டுக்கு உண்டு. பின்னால் மாட்டும் ஸ்டெப்னித் தாங்கிக்கென்று தனித் தரவிதி இல்லை. கம்பெனித் தாங்கியும் அப்படியொரு சோதனையில் தேறி வந்ததல்ல. விதி கேட்பது வேறு: எண் பலகை மறையக் கூடாது, பின்விளக்குகள் மறையக் கூடாது, 1994 மாடலிலிருந்து இவ்வகை வண்டிகளில் கட்டாயமான உயரத்துப் பிரேக் விளக்கு பின்னால் வருகிறவர் கண்ணில் பட வேண்டும். நட்டநடுவில் உயரமாக நிற்கும் டயர் அந்த விளக்கை மறைக்கும், தாங்கியை யார் செய்திருந்தாலும். டயரை ஓட்டுநர் பக்கத்துக்கு எதிர்ப்புறமாகச் சற்றுத் தள்ளி, பம்பரை ஒட்டித் தாழ்வாக வைத்து, எண் பலகையையும் அதற்கான விளக்கையும் கைமேல் இடம் மாற்றினால் தீர்ந்தது. வீட்டில் செய்பவருக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது. பெட்டியில் வாங்கியவருக்குத் துளைகள் ஏற்கெனவே போட்டாயிற்று.

இது அமெரிக்க நிலைமை. ஜெர்மனியில் இப்படிப்பட்ட மாற்றங்களைச் சோதனைக்குக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. அதனால் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர்ப் பட்டறைக்குப் போக முடியாது. இங்குள்ள வாதம் இரும்பைப் பற்றியது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தைப் பற்றியது அல்ல.

கடைசியாக வெல்டிங். வீட்டு வெல்டிங்கை நம்பாதே என்பதில் ஓர் உண்மை இருக்கிறது. அமெரிக்க வீட்டுப் பிளக்கில் ஓடும் 120 வோல்ட் மிக் எந்திரம் மெல்லிய தகட்டுக்கு நல்லது. கால் அங்குலத் தகட்டில் அது மேலே அழகான பட்டையைப் படிய வைத்துவிட்டு அடியில் உருக்காமல் விட்டுவிடும். பார்வைக்குப் பிரமாதம், உள்ளே ஒட்டவே இல்லை. இந்த ஏமாற்று வெல்டிங்தான் வீட்டுத் தாங்கிகளுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. தாங்கிக்குப் போடப்போகும் அதே கனத்தில் இரண்டு துண்டுகளை டி வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் வைத்து, ஆறியபின் வெல்டிங் இல்லாத பக்கத்திலிருந்து சம்மட்டியால் அடித்து, வெல்டிங் வைத்த பக்கமாக மடக்க வேண்டும். இரும்பு வளைந்து மடிந்தால் நல்லது. பட்டை பிடுங்கிக்கொண்டு வந்து, அடியில் உருகாத பழைய விளிம்பு பளிச்சென்று தெரிந்தால், அந்த எந்திரமோ அந்தக் கையோ இந்த வேலைக்கு இன்னும் தயாராகவில்லை. வெல்டிங் பள்ளிகளில் மாணவர்களுக்கு வைக்கும் சோதனையும் இதுதான்.

தயாராகாதவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு தாங்கியில் உயிர் தங்கும் மூட்டுகள் சொற்பம்: ஸ்பிண்டிலின் மேலும் கீழும், ஹப்புக் குழாய் கையோடு சேரும் இடம், தூணின் அடி, டயர் தகடு, கொக்கியின் இருக்கை. எல்லாவற்றையும் வீட்டில் வெட்டி, அரைத்து, அளவு பார்த்து, டேக் மட்டும் வைத்து வண்டியில் மாட்டித் திறந்து மூடிப் பார்க்கலாம். பின்கதவு முழுதாக மேலே போக இடம் விடுகிறதா, டயர் கண்ணாடியில் இடிக்கிறதா, கொக்கி நேராக விழுகிறதா என்று உறுதி செய்துகொண்டபின் கழற்றி எடுத்து, சான்றிதழ் பெற்ற வெல்டரிடம் கொடுத்து அந்த ஆறு மூட்டுகளையும் நிரப்பிக்கொள்ளலாம். வடிவமும் பாரம் இறங்கும் வழியும் செய்தவருடையவை. வெல்டிங் மட்டும் தேர்ந்த கையினுடையது. எக்ஸ்ஜேக்கான கடைத் தாங்கி பம்பரோடு சேர்த்து ஆயிரம் டாலரைத் தொடும். குழாய், தகடு, ஸ்பிண்டில், ஹப், கொக்கி, அந்த ஆறு மூட்டுக்கான கூலி எல்லாம் கூட்டினாலும் அதில் பாதியைத் தாண்டுவது அரிது.